வால்பாறை வளைவும் வாந்தி மாத்திரையும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகிற பஸ் ஆழியாறைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு முடிவதற்குள் குழந்தைகளுக்கு முகம் வெளுத்து, வாயில் எச்சில் ஊறி, ஜன்னலோரம் இருப்பவர் எழுந்து இடம் கொடுக்கிற நிலை வந்துவிடும். இதற்குப் பயந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில், "ஏனுங்க, வாந்தி வராம இருக்க ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. கடைக்காரர் அவோமின் கொடுத்தால் ஓரளவுக்குக் கேட்கும். தூக்கமும் கூடவே வரும். போன மாதம் பேதியும் வாந்தியுமாகப் படுத்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்து, வீட்டில் மிச்சம் கிடந்த எமிசெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியவருக்கு அட்டகட்டி போய்ச் சேர்வதற்குள் வாந்தி வந்துவிடும்.

எமிசெட் என்ற பெயரில் விற்கும் ஒண்டான்செட்ரான் மட்டமான மருந்தல்ல. புற்றுநோய் சிகிச்சையின் மிகக் கொடிய வாந்தியையே கட்டுப்படுத்துகிற மருந்து அது. மலைப்பாதை வாந்தியில் மட்டும் ஏன் தோற்கிறது? கடலிலும் ஆய்வுக்கூடத்திலும் சோதித்துப் பார்த்தவர்களுக்கும் பயண வாந்தியில் அதனால் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. காரணம் தெரிய வேண்டுமென்றால் குடலின் உட்சுவருக்குள் போக வேண்டும். அங்கே ஒரு சின்ன மூலக்கூறு, தன்னை வாங்கிக்கொள்ளும் ஏற்பி எது என்பதைப் பொறுத்து, ஒருவருக்குக் குமட்டலையும் இன்னொருவருக்கு மலச்சிக்கல் தீர்வதையும் மூன்றாமவருக்கு வயிற்று வலியையும் உண்டாக்குகிறது. செரோட்டோனின் என்பது அதன் பெயர்.

செரோட்டோனின் என்றதும் 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் பட்டத்தை நான் ஏற்கமாட்டேன். நம் உடம்பிலுள்ள செரோட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. மூளைக்குத் தேவையான சிறு பங்கை மூளை தனக்குத்தானே தயாரித்துக்கொள்கிறது. குடலில் உண்டாகிற செரோட்டோனின் ரத்தத்தில் கலந்தாலும், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவேயுள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை. வாழைப்பழத்தில் செரோட்டோனின் உண்டு என்பது உண்மை. அதற்காகத் தொண்டாமுத்தூர்த் தோட்டத்து நேந்திரன் பழத்தைச் சாப்பிட்டால் மனச்சோர்வு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பழம் வேறோர் இடத்தில் தன் கைவரிசையைக் காட்டும். குடலில் செரோட்டோனினைச் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழமும் அன்னாசியும் சாப்பிடக் கூடாது என்று லேபில் சொல்லி அனுப்புவார்கள். சாப்பிட்டால், இல்லாத கட்டி இருப்பதுபோல் முடிவு வந்து நிற்கும்.

முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் குடல் செரோட்டோனின்தான். 1930களில் இத்தாலியின் பாவியா நகரில் விட்டோரியோ எர்ஸ்பாமர் குடலின் உட்படலத்திலுள்ள சில செல்களைச் சாறெடுத்துப் பார்த்தார். அந்தச் சாறு பட்டதும் குடல் தசை சுருங்கியது. அதிலுள்ள பொருளுக்கு அவர் 'என்டரமின்' என்று பெயரிட்டார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவரும் ரத்த அழுத்தத்தின் காரணத்தைத் தேடியபோது, ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீரிலிருந்து ரத்தக் குழாயை இறுக்குகிற பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் வைத்த பெயர் செரோட்டோனின். இரண்டும் ஒன்றே, 5-ஹைட்ராக்சிட்ரிப்டமின் (சுருக்கமாக 5-எச்டி) என்பது 1952இல் உறுதியானது. மூளையிலும் அது இருக்கிறதென்று பெட்டி டுவாராக் காட்டியது அதற்கும் பிறகுதான். வரிசைப்படி பார்த்தால் குடல் மூத்தது, மூளை இளையது. புகழ் மட்டும் இளையதற்குப் போய்விட்டது.

எர்ஸ்பாமர் சாறெடுத்த அந்தச் செல்களை என்டரோகுரோமஃபின் செல்கள் என்பார்கள். குடலின் உட்படலத்தில் மற்றச் செல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் உணவு ஓடுகிற குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்க, மறுபக்கம் நரம்பு நுனிகளுக்கு அருகே செரோட்டோனின் நிரம்பிய சிறு பைகளை அடுக்கி வைத்திருக்கும். ருசி பார்ப்பதும் தொட்டுப் பார்ப்பதுமே இவற்றின் வேலை. உணவுக் கவளம் வந்து குடற்சுவரை அழுத்தினால் 'பீசோ2' என்கிற புரதம் அதை உணர்ந்து பையைத் திறக்கச் சொல்லும். மூக்கில் ஏறுகிற கடுகுக் காரத்தைப் போன்ற எரிச்சலூட்டிகள் வந்தால் அதை உணர வேறொரு புரதம் உண்டு. பீசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியனும், மிளகாய்க் காரத்தை உணரும் ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டது நினைவிருக்கலாம். மிளகாய்ப் பக்கம் போவதற்கு முன்பே, 1991இல், ஜூலியஸின் குழு இன்னொரு ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்திருந்தது. வீட்டில் மிச்சம் கிடந்த அந்த எமிசெட் போய் அடைக்கிற ஏற்பி அதுதான்.

செரோட்டோனினுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்பிகள் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்த இடமும் குடல்தான். நம் ஊர் பார்மசி கல்லூரிகளில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை படித்தவர்களுக்கு அந்தச் சோதனை மனப்பாடமாக இருக்கும். கினிப்பன்றியின் சிறுகுடலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டை வெட்டி, இரு முனையிலும் நூல் கட்டி, 37 டிகிரி வெப்பத்தில் டைரோடு கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் தொங்கவிடுவார்கள். கீழிருந்து ஆக்சிஜன் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். மேல்நூல் ஒரு மெல்லிய நெம்புகோலோடு கட்டப்பட்டிருக்கும். நெம்புகோலின் நுனி, புகை படிந்த தாள் சுற்றிய உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு துளி மருந்தை விட்டதும் குடல்துண்டு சுருங்கும், நெம்புகோல் எழும், கரிப்படலத்தில் வெள்ளைக் கோடு ஒன்று மேலே ஏறி இறங்கும். உடம்பை விட்டுப் பிரிந்த பிறகும் அந்தத் துண்டு மணிக்கணக்கில் உயிரோடு பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரையில்தான் இதைக் காட்டுகிறார்கள். விலங்குகளைக் காப்பாற்றுகிற நல்ல மாற்றம் அது.

1957இல் எடின்பரோவில் ஜான் காடம், பிரேசிலிலிருந்து வந்த பிக்கரெல்லியோடு சேர்ந்து இதே சோதனையைச் செய்தார். குடல்துண்டில் செரோட்டோனினை விட்டால் சுருங்குகிறது. மார்ஃபின் கொடுத்த பிறகு விட்டால் சுருக்கம் குறைகிறது, முழுதாக நிற்பதில்லை. டைபென்சிலின் என்ற இன்னொரு மருந்தைக் கொடுத்தாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் சுருக்கம் ஏறத்தாழ அடங்கிவிடுகிறது. அப்படியானால் செரோட்டோனின் இரண்டு வழியாக வேலை செய்கிறது, ஒரு வழி நரம்பில், இன்னொன்று தசையில் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். இன்று ஏழு குடும்பங்களில் 14 ஏற்பிகள் என்று கணக்கு விரிந்திருக்கிறது. குடலில் மட்டும் ஐந்து குடும்பங்கள் குடியிருக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. நோயாளியின் அன்றாட வாழ்க்கையைத் தொடுகிறவை இரண்டு: மூன்றாம் வகையும் நான்காம் வகையும்.

மூன்றாம் வகையான 5-எச்டி3 ஏற்பி மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனித்து நிற்கிறது. மற்ற ஏற்பிகள் செரோட்டோனின் வந்து ஒட்டியதும் செல்லுக்குள் படிப்படியாக வேதிச் செய்திகளை அனுப்புகிறவை. இதுவோ பரம்பிக்குளம் வாய்க்கால் மதகு மாதிரி. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நிற்கும், நடுவில் ஒரு துவாரம். செரோட்டோனின் வந்து ஒட்டியதும் துவாரம் திறக்கும், சோடியம் பாயும், நரம்பு அந்தக் கணமே மின்துடிப்பு விடும். ஆயிரத்தில் சில பங்கு வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். குடலிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகிற வேகஸ் நரம்பின் நுனிகளில் இந்த ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன.

சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்து உடம்புக்குள் போனதும் குடலின் என்டரோகுரோமஃபின் செல்கள் அடிபட்டு, சேர்த்து வைத்த செரோட்டோனினைக் கொட்டுகின்றன. வேகஸ் நுனியிலுள்ள 5-எச்டி3 துவாரங்கள் திறக்கின்றன. செய்தி மூளைத்தண்டின் வாந்தி மையத்துக்குப் போகிறது. விஷம் உள்ளே வந்துவிட்டது, வெளியே தள்ளு என்பதுதான் அந்தச் செய்தி. உடம்பின் கணக்கில் அது நியாயமானதும்கூட. 1990க்கு முன்னால் இந்த வாந்தியைத் தாங்க முடியாமல் உயிர்காக்கும் மருந்தையே வேண்டாம் என்று எழுந்து போன நோயாளிகள் உலகம் முழுக்க இருந்தார்கள். மெட்டோகுளோபிரமைடை மிக அதிக அளவில் கொடுத்தபோது மட்டும் வாந்தி குறைந்தது. அது டோபமின் ஏற்பியை அடைக்கிற மருந்து; குறைந்த அளவில் உதவாதது அதிக அளவில் எப்படி உதவுகிறது என்று துருவியவர்கள், அந்த அளவில் அது 5-எச்டி3 ஏற்பியையும் அடைக்கிறது என்று கண்டார்கள். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு கிளாக்ஸோ நிறுவனம் உருவாக்கியதுதான் ஒண்டான்செட்ரான். இன்று ஈரோடு, திருப்பூர், கரூர், ஊட்டி என்று பல ஊர்களிலிருந்தும் கோவைப் புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு வந்து, கீமோ போட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே பஸ்ஸில் வீடு திரும்ப முடிகிறதென்றால் அதில் இந்த வகை மருந்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு. முதல் 24 மணி நேரத்து வாந்திதான் செரோட்டோனினுடையது. இரண்டாம் மூன்றாம் நாளில் வருவதற்கு வேறு வேதிப்பொருள் காரணம்; அதற்கு அப்ரெபிட்டன்ட் போன்ற வேறு மருந்து வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பல மாத்திரைகளைத் தனித்தனியாக எழுதிக் கொடுப்பது இதனால்தான். எல்லாம் ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது.

வால்பாறை வளைவில் நடப்பது வேறு கதை. அங்கே குடலில் விஷமும் இல்லை, அடிபட்ட செல்லும் இல்லை. பஸ் திரும்புகிறது என்று உட்காது சொல்கிறது. முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கிற கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண் நேராக மூளைத்தண்டுக்குப் போய் அங்கேயே வாந்தியைக் கிளப்புகிறது. அந்தப் பாதையில் வேலை செய்கிறவை ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும். குடலுக்கும் வேகஸுக்கும் நடுவிலுள்ள துவாரத்தை அடைப்பதால் அங்கே ஒன்றும் ஆகப்போவதில்லை. அவோமினில் உள்ள பிரோமெத்தசின் ஹிஸ்டமின் ஏற்பியை அடைக்கிறது, அதனால்தான் கேட்கிறது; அதனால்தான் தூக்கமும் வருகிறது. வண்டி ஓட்டுகிறவர் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கவும் கூடாது.

பஸ் ஸ்டாண்டுகளில் விற்கிற இஞ்சி மொரப்பாவையும் இங்கே சொல்லியாக வேண்டும். இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால், சுக்காகக் காயும்போது உருவாகிற ஷோகால் ஆகிய இரண்டும் 5-எச்டி3 ஏற்பியின் வேலையைக் குறைக்கின்றன என்பது ஆய்வுக்கூடத்தில் பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. கர்ப்ப காலக் குமட்டலில் இஞ்சிக்கு ஓரளவு பலன் உண்டு என்பதற்கும் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இருக்கின்றன. பயண வாந்தியில் முடிவுகள் முன்பின்னாக இருக்கின்றன. மேலே சொன்ன பாதைக் கணக்கைப் பார்த்தால் அது எனக்கு ஆச்சரியமாகவும் இல்லை. சுக்குக் காப்பி குடித்தால் வயிறு இதமாகிறது என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொன்னதில் வேதியியல் இருக்கிறது. எல்லா வாந்திக்கும் அதுவே மருந்து என்று நீட்டினால்தான் தப்பு.

பச்சைக் குழந்தைகளின் வாந்திக்கு வருவோம். ரோட்டாவைரஸ் தாக்கினால் முதலில் வாந்தி, பிறகு நீராகப் பேதி என்று குழந்தை துவண்டுவிடும். வைரஸ் இருப்பதோ குடலில். வாந்தி ஏன் வருகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2011இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஒரு விடை சொன்னார்கள்: ரோட்டாவைரஸ் அதே என்டரோகுரோமஃபின் செல்களுக்குள் புகுந்து செரோட்டோனினைக் கொட்ட வைக்கிறது, வேகஸ் வழியாக வாந்தி மையம் விழிக்கிறது. கீமோ நோயாளிக்கும் ஆறு மாதக் குழந்தைக்கும் பாதை ஒன்றே. இந்த வைரஸை ஆராய்வதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் சிஎம்சியில் ககன்தீப் காங் தலைமையில் இது பல ஆண்டுகள் ஆராயப்பட்டது. 'ரோட்டாவாக்' என்ற இந்தியத் தடுப்பு மருந்தை 6,799 குழந்தைகளிடம் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. மற்றவை டெல்லியும் புனேயும். கடுமையான ரோட்டாவைரஸ் பேதியைப் பாதிக்குச் சற்று மேல் குறைத்தது அந்த மருந்து. 2017இல் தமிழ்நாட்டின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து சேர்ந்தது. குழந்தை பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். பேதி வந்துவிட்டால் உயிரைக் காப்பது உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும்தான். வாந்தியால் கரைசலே உள்ளே நிற்காத குழந்தைக்கு ஒரே ஒரு வேளை ஒண்டான்செட்ரான் உதவும் என்று 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடிய மருந்து என்பதால் நாமாக வாங்கிக் கொடுப்பது சரியல்ல.

ஒண்டான்செட்ரான் தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள், "வாந்தி நின்னுபோச்சுங்க, ஆனா நாலு நாளா வெளிக்குப் போகலீங்க" என்பார்கள். குடற்சுவருக்குள்ளேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. மூளையைக் கேட்காமலே குடலை நடத்துகிறவை அவை. கவளம் அழுத்தியதும் செரோட்டோனின் வெளிப்படும். கவளத்துக்குப் பின்பக்கம் குடல் சுருங்கும், முன்பக்கம் தளரும், கவளம் நகரும். இந்த அலையிலும் 5-எச்டி3 ஏற்பிக்குப் பங்கு இருப்பதால், வாந்தியை அடைத்த மருந்தே மலத்தையும் மந்தப்படுத்துகிறது. இந்தப் பக்கவிளைவையே மருந்தாக்கியவர்களும் உண்டு. எரிச்சல்படும் குடல் நோயில் அடிக்கடி பேதி ஆகிறவர்களுக்கு ஒண்டான்செட்ரான் கொடுத்துப் பார்த்த நாட்டிங்ஹாம் மருத்துவர்கள், மலம் கெட்டிப்படுவதையும் அவசரம் குறைவதையும் 2014இல் பதிவு செய்தார்கள். இதே ஏற்பியை இன்னும் வலுவாக அடைக்கிற அலோசெட்ரான் அமெரிக்காவில் 2000 பிப்ரவரியில் அனுமதி பெற்று, பெருங்குடலுக்கு ரத்த ஓட்டம் குறைகிற ஆபத்தால் அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்பட்டது. 2002இல் கடுங்கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது.

நான்காம் வகை, 5-எச்டி4, இதற்கு நேரெதிர்ப் பக்கம். இதைத் தூண்டினால் நரம்புகள் கூடுதல் வேகத்தில் செய்தி கடத்தும், குடல் நகரும். மலச்சிக்கலுக்கு நல்ல வழியாகத் தோன்றியது. சிசாப்ரைடு அப்படித்தான் உலகெங்கும் விற்றது, நம் மெடிக்கல்களிலும் விற்றது. குடல் ஏற்பியைத் தொட்ட அந்த மூலக்கூறு இதயத்தின் பொட்டாசியம் வாயிலையும் தொட்டது. துடிப்பின் தாளம் பிசகிச் சிலர் இறந்தார்கள். அமெரிக்கச் சந்தையிலிருந்து 2000இல் போன அந்த மருந்தை இந்தியா தடை செய்தது 2011இல்தான். டெகசெரோடு என்ற இன்னொன்றும் அமெரிக்காவில் 2007இல் நிறுத்தப்பட்டு, இங்கே 2011இல் தடை ஆனது. இந்தத் தாமதம் எனக்கு இன்னும் கசக்கிறது. உலகத்தின் ஒரு பக்கம் ஆபத்தென்று ஒதுக்கிய மாத்திரையை இன்னொரு பக்கத்து நோயாளி வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இப்போது கிடைக்கிற புருகலோப்ரைடு நான்காம் வகை ஏற்பியை மட்டும் தேடிப் பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஏற்பிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டதன் நேரடிப் பலன் இது.

வயிறு, குடல், கல்லீரலுக்கென்றே தனி மருத்துவமனைகள் நடக்கிற ஊர் கோவை. அறுவை மருத்துவர் சி. பழனிவேலு தொடங்கிய ஜெம் மருத்துவமனை அவற்றில் பெயர் பெற்றது. இத்தகைய இடங்களில் வந்து உட்காருகிறவர்களில் பலருக்கு எண்டோஸ்கோப்பியில் எதுவும் தெரியாது, ஸ்கேனில் எதுவும் தெரியாது, வயிறு மட்டும் கேட்காது. இந்திய இரைப்பை-குடலியல் சங்கத்தின் பணிக்குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், பொதுமக்களில் 4.2 சதவீதத்தினருக்கு எரிச்சல்படும் குடல் நோய் இருந்தது. தினமும் ஒரு தடவை போகிறவர்களே தங்களுக்கு மலச்சிக்கல் என்று சொன்னதும் அதில் தெரிந்தது. மேல்நாட்டு அளவுகோலை அப்படியே இங்கே வைத்தால் இவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். "எல்லாம் நார்மல், உங்க மனசுலதான் கோளாறு" என்று இவர்களை அனுப்பிவிடுவது அநியாயம். செரோட்டோனினை உறிஞ்சி முடிவுக்குக் கொண்டுவருகிற புரதம் குறைந்திருப்பதும், குடல் நரம்புகள் சாதாரண அழுத்தத்தையே வலியாக உணர்வதும் இத்தகைய நோயாளிகள் சிலரிடம் ஆய்வுகளில் தென்பட்டிருக்கின்றன. ஸ்கேனில் பிடிபடாததால் அந்த வலி பொய்யாகிவிடாது.

குடல் நுண்ணுயிரிகளைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் குடல் செரோட்டோனின் பாதிக்கும் கீழே குறைந்திருப்பதையும், குறிப்பிட்ட பாக்டீரியாக்களைக் கொடுத்ததும் அது மீள்வதையும் 2015இல் எலைன் சியாவின் குழு காட்டியது. கொள்ளுப் பருப்பிலும் கம்மஞ்சோற்றிலும் உள்ள நார்ச்சத்தை அந்த நுண்ணுயிரிகள் புளிக்கவைத்துத் தருகிற சிறு கொழுப்பு அமிலங்கள் என்டரோகுரோமஃபின் செல்களைத் தூண்டக்கூடும். கொங்குச் சாப்பாட்டைப் பெருமையாகப் பேச இது போதும். மனிதர்களிடம் எவ்வளவு நார், எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்று அளந்து சொல்ல இது போதாது.

குடலின் செரோட்டோனின் ஏற்பிகள் இன்னொரு கூட்டத்தையும் தொடுகின்றன. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எசிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளை முதன்முதலாக எழுதி வாங்கியவர்களில் கணிசமானவர்கள் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். காரணம் கேட்டால், "மாத்திரை ஒத்துக்கலீங்க, வவுத்தப் பெரட்டுதுங்க" என்கிறார்கள். அவர்கள் சொல்வது முழுக்க உண்மை. செரோட்டோனினை உறிஞ்சி எடுக்கும் புரதத்தைத் தடுப்பதே இந்த மாத்திரைகளின் வேலை. அந்தப் புரதம் குடற்சுவரிலும் இருக்கிறது. மாத்திரை போனதும் அங்கே செரோட்டோனின் தேங்கும், 5-எச்டி3 துவாரங்கள் திறக்கும், குமட்டலும் சிலருக்குப் பேதியும் வரும். குடலில் இது ஓரிரு நாளிலேயே தொடங்கி, பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். மனத்துக்கான பலனோ தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தொல்லை முதலில் வந்து பலன் பிந்தி வருவதால், எதிர்பார்ப்போடு தொடங்கியவர்கள் மிக மோசமான நாளில் விட்டுவிடுகிறார்கள். எழுதிக் கொடுக்கும்போதே டாக்டர் இதை இரண்டு நிமிடம் உட்கார வைத்துச் சொல்லிவிட்டால் பலர் தொடர்வார்கள். சொல்லாவிட்டால் நோயாளியே கேட்கலாம்: சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாமா, பாதி அளவில் தொடங்கி ஏற்றலாமா என்று. இரண்டுமே மனநல மருத்துவர்கள் வழக்கமாகச் செய்கிறவைதான்.